கூட்டமில்லாத ஃபோட்டோ ஸ்பாட்: பார்க்கிங் மேல்தளமா, மேம்பாலத்தடியா, பழைய தெருவா, நீர்க்கரையா?

“எல்லாரும் போட்டுத் தீர்த்த இடம் வேண்டாம். பார்த்தவுடன் ‘இது எங்கே?’ என்று கேட்கவைக்கிற இடம் வேண்டும். கையில் ஒரு மாலை நேரம்தான் இருக்கிறது, எங்கே போவது?” பெரிய நகரத்தில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் இடங்களின் பெயர்ப்பட்டியல். பட்டியலில் ஏறிய இடத்தில் கொஞ்ச நாளிலேயே வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். அதனால் பெயர்களைவிட இடத்தின் வகையைத் தெரிந்துகொள்வது நெடுநாள் உதவும்.

எந்தப் பெருநகரமானாலும், பெயர் வாங்காத ஸ்பாட்கள் ஏறக்குறைய ஆறு வகைக்குள் அடங்கும்: பல அடுக்கு பார்க்கிங்கின் மேல்தளம், மேம்பாலத்தின் அடி, மக்கள் குடியிருக்கும் பழைய தெரு, நீர்க்கரை, விடியற்கால மொத்தச் சந்தை, சுவரோவியம். ஆளில்லாத இடம் என்பதாலேயே ஓரிடம் நல்ல ஸ்பாட் ஆகிவிடாது. காலை 9 மணிக்கு முகத்தை மலரவைக்கும் அதே சுவர், மதியம் 1 மணிக்குக் கண்குழிகளைக் கருப்பாக்கிக் காட்டும். ஆகவே இடத்தை முடிவுசெய்துவிட்டு நேரத்தைத் தேட வேண்டாம். உங்களுக்கு எந்த நேரம் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள், அதற்கு ஒத்துவரும் இடத்தைப் பிடியுங்கள். கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த அடிப்படையில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது?

வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும். சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நகரங்களில் அது ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், பொன்னிற வெயில் கிடைக்கும் கடைசி 6 டிகிரியை 24 நிமிடத்தில் கடந்துவிடும். லண்டன் போன்ற வடக்கு நகரங்களில் அதே 6 டிகிரிக்குப் பருவத்தைப் பொறுத்து 40 முதல் 50 நிமிடம் ஆகும். வெயில் மறைந்தபின் வானம் அடர்நீலமாக நிற்கும் நேரம் நிலநடுக்கோட்டுப் பகுதிகளில் இன்னும் குறைவு, பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ‘மாலையில் நிறைய நேரம் இருக்கிறது’ என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான்.

படம் யாருக்காக. முகத்துக்கா, உடைக்கா, இடத்துக்கா? மூன்றையும் ஒரே ஃப்ரேமில் திணிக்க நினைத்தால் மூன்றும் சுமாராக வரும்.

பின்னால் ஆழம் இருக்கிறதா. முதுகுக்குப் பின்னால் உடனே சுவர் வந்துவிட்டால் படம் தட்டையாக இருக்கும். பத்திருபது மீட்டராவது இடம் ஓட வேண்டும். கோடுகள் ஒரு புள்ளியை நோக்கிப் போனால் இன்னும் நல்லது.

யாருடைய இடம். பொது இடம், பொதுமக்கள் வந்துபோகும் தனியார் இடம், மக்கள் வாழும் இடம் மூன்றும் வேறு வேறு. பார்க்கிங்கும் வணிக வளாகமும் இரண்டாவது வகை. அங்கே உள்ளே விடுவார்கள் என்பதற்காகப் படம் எடுக்கவும் விடுவார்கள் என்று ஆகாது. இன்னொன்று: பணம் வாங்கிக்கொண்டு போடும் விளம்பரப் பதிவு பல இடங்களில் வணிகப் படப்பிடிப்பாகக் கணக்காகும். போனில் எடுத்தாலும் அப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. காத்திருக்கும் நேரம், துணைக்கு ஓர் ஆள், உடை மாற்ற இடம், இருட்டியபின் திரும்பி வர வண்டி. இலவச இடம் என்று நினைப்பவற்றில்தான் இவை அதிகம்.

## ஒரே பார்வையில்

| இடம் | சரியான நேரம் | எதற்கு ஏற்றது | அனுமதிச் சிக்கல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பார்க்கிங் மேல்தளம் | அஸ்தமனத்துக்கு 45 நிமிடம் முன் தொடங்கி அரை மணி பின் வரை | முழு உருவம், வானத்தின் பின்னணியில் நகரக் கட்டடங்கள் | நடுத்தரம். காவலாளி முடிவு | காற்று, டிக்கெட், மறுத்தால் மாற்று இடம் |
| மேம்பாலத்தடி | காலை 10 முதல் மதியம் 3 வரை | முகம், உடை | பெரும்பாலும் குறைவு | இரைச்சல், தூசி, துணை ஆள் |
| பழைய தெரு | 9–10 மணி, 2.30–4 மணி | முகமும் இடமும் சேர்ந்து | சட்டப்படி குறைவு, மரியாதைப்படி அதிகம் | கேட்டு அனுமதி வாங்கும் நேரம் |
| நீர்க்கரை | விடியலை ஒட்டி ஒரு மணி நேரம் | பிரதிபலிப்பு, நிழலுருவம் | குறைவு | வழுக்கல், பருவம், நீரேற்றம் |
| மொத்தச் சந்தை | விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும்வரை | நிறம், மனிதர், வேலை | ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும் | தூக்கம், கூட்டம் |
| சுவரோவியம் | மேகமூட்டமான எந்த நேரமும் | உடை, விரைவான பதிவு | விளம்பரத்துக்குச் சிக்கல் | படம் எல்லாருடையதையும் போல இருக்கும் |

## பல அடுக்கு பார்க்கிங்கின் மேல்தளம்

முதல்முறை முயல்கிறவர்களுக்கு நாம் சொல்வது இதைத்தான். மேலே கூரை இல்லை, எதிரே கட்டடம் முட்டவில்லை, தரையில் வெள்ளைக் கோடுகள் தாமாகவே கண்ணை உள்ளே இழுக்கின்றன. கடைசி அடுக்குவரை வண்டி ஏற்ற யாருக்கும் மனம் வராது என்பதால் பாதி தளம் காலியாகவே கிடக்கும். ஹாங்காங்கின் சோய் ஹுங் குடியிருப்பில் வானவில் நிறக் கட்டடங்களுக்கு முன்னால் எடுக்கும் பிரபலமான படங்கள்கூட ஒரு பார்க்கிங் கட்டடத்தின் கூரையில் இருக்கும் கூடைப்பந்து மைதானத்திலிருந்து எடுத்தவைதான். அந்த இடம் இன்று புகழ்பெற்றுவிட்டது. ஆனால் அதுபோலத் திறந்த கூரைகள் ஒவ்வொரு நகரத்திலும் சத்தமில்லாமல் இருக்கின்றன.

போக வேண்டிய நேரம் அஸ்தமனத்துக்கு 45 நிமிடம் முன்பு. முதல் பத்து நிமிடம் இடம் பார்க்க: எந்த மூலையிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு மேல் நகரம் தெரிகிறது, எங்கே விளக்குக் கம்பம் தலையிலிருந்து முளைப்பதுபோல் வருகிறது என்று சுற்றிவாருங்கள். பிறகு ஆளைச் சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் உள்ளே நிறுத்துங்கள். சுவரை ஒட்டி நின்றால் இரண்டு கெடுதல்: இடுப்புவரை பின்னணியில் வெறும் கான்கிரீட்தான் வரும், பாதுகாப்பும் இல்லை. போனை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்திச் சற்றே மேல்நோக்கிப் பிடித்தால் சுவர் பின்னால் சுருங்கி வானம் விரியும். ஆனால் அகலமான லென்ஸில் இப்படிச் சாய்த்தால் கால் நீண்டு தலை சிறுக்கும். அதனால் நான்கைந்து மீட்டர் பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.

இங்கே அதிகம் கெடுவது எக்ஸ்போஷர், அதாவது படத்தின் வெளிச்ச அளவு. சூரியன் பின்னால் இருக்கும்போது போன் வானத்தைக் காப்பாற்றப் பார்க்கும், முகம் கரியாகும். முகத்தைத் தொட்டால் வானம் வெளுத்துவிடும். நடுவழி: சூரியனை ஆளின் தலையாலோ தோளாலோ மறைத்து, முகத்தைத் தொட்டு, எக்ஸ்போஷரைக் கொஞ்சம் கீழே இழுத்துப் பூட்டுங்கள். இதைவிட எளிய வழி, சூரியன் மறைந்து 15 முதல் 20 நிமிடம் காத்திருப்பது. அப்போது வானத்தின் ஒளியும் ஜன்னல் விளக்குகளின் ஒளியும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வரும், போன் தடுமாறாது. முகத்துக்கு மட்டும் இன்னொரு போனின் டார்ச்சை ஒரு வெள்ளைத் தாளின் வழியாக, ஒரு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். தாள் இல்லாமல் நேராக அடித்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிவதுபோல் தெரியும். இரவுப் பயன்முறை ஒன்றிரண்டு விநாடி திறந்திருக்கும் என்பதால் நிற்பவர் மூச்சைக்கூட அடக்கி நிற்க வேண்டும், முடி பறக்கும் காற்று இருந்தால் அது மங்கலாகத்தான் வரும்.

மழை நின்ற மாலை என்றால் இந்த இடத்துக்கு இணை இல்லை. கான்கிரீட்டில் தேங்கும் தண்ணீர் ஒரு அங்குல ஆழம்கூட இருக்கத் தேவையில்லை. போனைத் தலைகீழாகத் திருப்பி, கேமரா கண் தண்ணீரை உரசிவிடுமோ என்னுமளவுக்குத் தாழ்த்துங்கள். இரண்டு விரற்கடை உயரம் போதும். அங்கே அரை அடி மேலே தூக்கினாலே தேங்கிய நீர் வெறும் குட்டையாகத் தெரியும், தாழ்த்தினால் ஏரியாகத் தெரியும்.

மறைசெலவு காவலாளியின் ‘கூடாது’தான். வண்டியோடு போய் டிக்கெட் எடுத்தவரிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. ட்ரைபாடும் பெரிய பையும் உடைமாற்றும் கூட்டமும் கண்ணில் பட்டால் கேட்பார்கள். கீழேயே சொல்லிவிட்டுப் போவது நல்லது: எத்தனை பேர், எவ்வளவு நேரம், சொந்தப் பதிவுக்கு என்று மூன்றே விவரம். மறுத்தால் அந்த மாலை வீணாகாமல் இருக்க, பத்து நிமிட தூரத்தில் இரண்டாவது இடம் ஒன்றை முன்பே பார்த்து வைத்திருங்கள். வண்டிகள் ஏறி இறங்கும் சாய்தளத்தில் மட்டும் நிற்கவே வேண்டாம். வளைவுக்கு அப்பால் வரும் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

## மேம்பாலத்தின் அடி

மதியம் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்களுக்கு விடை இது. மேலே உச்சிவெயில் கொளுத்தும்போது மேம்பாலத்தடியில் வெளிச்சம் இரு பக்கத் திறப்புகளிலிருந்து மட்டும் வரும். சாலையிலும் எதிர்க் கட்டடங்களிலும் பட்டுத் தெறித்து, மென்மையாகி வரும். ஸ்டூடியோவில் பெரிய திரை கட்டி உண்டாக்கும் ஒளி இதுதான்.

நிற்க வேண்டிய இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிழலின் விளிம்பிலிருந்து பாலத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே தள்ளி, முகத்தை வெளிப்பக்கம் திருப்பி நில்லுங்கள். விளிம்பிலேயே நின்றால் வெயில் கீற்று தோளில் வெள்ளையாக எரியும். நட்டநடுவில் நின்றால் இரு பக்கமும் சம வெளிச்சம் விழுந்து முகம் தட்டையாகும். மூன்றில் ஒரு பங்கில் ஒரு கன்னம் ஒளிரும், மறு கன்னம் மெல்ல இறங்கும், பின்னணி தானாகவே இருளும். போன் அந்த இருளைப் பார்த்துப் படத்தை அதிகம் வெளுக்கப் பார்க்கும் என்பதால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

தூண்களை நேர்க்கோட்டில் எடுக்க வேண்டுமானால் போனின் கட்டக்கோடுகளைப் போட்டு, இரு பக்கத் தூண்களும் ஓரங்களிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்து நில்லுங்கள். ஒரு காலடி இடம் மாறினாலும் சமச்சீர் குலையும், பிறகு வெட்டிச் சரிசெய்ய முடியாது.

இரவில் இதே இடம் வேறு. பழைய சோடியம் விளக்கு எரிந்தால் எல்லா நிறமும் ஒரே ஆரஞ்சாகிவிடும். அந்த ஒளியில் மற்ற நிறங்கள் போதிய அளவில் இல்லை என்பதால் எந்தத் திருத்தத்தாலும் அவற்றை மீட்க முடியாது, கருப்பு-வெள்ளையாக்கிவிடுவதுதான் வழி. மலிவான எல்இடி விளக்கென்றால் வீடியோவில் கோடுகோடாக ஓடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆன நாட்டில் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை (கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 நொடிக்கு வைத்தால் கோடுகள் பெரும்பாலும் அடங்கும். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 1/60, 1/120. பாதசாரிச் சுரங்கப்பாதைகளுக்கும் இதே கணக்குதான். அங்கே ஓடுகள் பதித்த சுவர் கூடுதல் லாபம், பச்சைச் சாயல் கூடுதல் தொல்லை.

ரீல்ஸில் நேரடிக் குரல் வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள். வண்டி இரைச்சல் கான்கிரீட்டில் எதிரொலித்துப் பேச்சை விழுங்கிவிடும். தனியாகவும் வராதீர்கள், திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குச் சுற்றுமுற்றும் பார்க்க இன்னொருவர் தேவை. பல நகரங்களில் பாலத்தடிதான் சிலருக்கு வீடு. அங்கே படுத்திருப்பவரும், கொடியில் காயும் துணியும், ஓரமாக அடுக்கிய பாத்திரங்களும் உங்கள் படத்துக்குப் பின்னணி ஆகக்கூடாது. அப்படி ஒரு பகுதி தென்பட்டால் நான்கு தூண் தள்ளிப் போனாலே போதும். பாலம் நீளமானது.

## மக்கள் குடியிருக்கும் பழைய தெரு

சரியாக அமைந்தால் இந்த ஆறில் மிகச் சிறந்த படம் இங்கேதான் வரும். தவறாகப் போனால் மிக மோசமான கெடுதலும் இங்கேதான்.

முதலில் ஒளி. 4 மீட்டர் அகலத் தெரு, இருபுறமும் 12 மீட்டர் உயரச் சுவர் என்று வையுங்கள். வடக்கு-தெற்காக ஓடும் அத்தெருவில், குறுக்குவாட்டில் பார்க்கும்போது சூரியன் ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேல் ஏறினால்தான் வெயில் முகமட்டத்துக்கு இறங்கும். அதாவது நண்பகலைச் சுற்றி இரண்டு, இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் போகாதீர்கள். வெயில் ஒரு பக்கச் சுவரின் மேல்பாதியில் மட்டும் விழும் நேரம்தான் பொன்னான நேரம்: காலை 9 முதல் 10, மாலை 2.30 முதல் 4. மேலே பட்ட வெயில் எதிர்ச்சுவரில் தெறித்துக் கீழே நிற்பவரின் முகத்தில் இதமாக இறங்கும். வெயில் படும் சுவர் வெள்ளையோ சந்தன நிறமோ ஆக இருந்தால் தோல் உயிரோடு தெரியும். பச்சையோ நீலமோ என்றால் அந்தச் சாயல் கன்னத்தில் ஏறும், பிறகு எவ்வளவு திருத்தினாலும் முகம் காய்ச்சல்காரர் முகம்போல இருக்கும். நிறச் சுவர் பின்னணியில் இருக்கட்டும், முகத்துக்கு எதிரே இருக்க வேண்டாம்.

கிழக்கு-மேற்குத் தெருவின் கதை வேறு. காலையிலும் மாலையிலும் சூரியன் தெருவின் நீளத்தோடு பாயும். நிழலுருவப் படத்துக்கும், முடியின் ஓரம் ஒளிரும் படத்துக்கும் இதுவே இடம். ஆனால் சூரியன் உதிக்கும் திசை ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருப்பதால், தெரு சற்றே சாய்ந்திருந்தாலும் நாள் மாறும். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தெருக்கள் நேர்கிழக்கிலிருந்து 29 டிகிரி திரும்பியிருப்பதால், அஸ்தமனச் சூரியன் தெருவின் நடுவே வந்து நிற்பது மே இறுதியிலும் ஜூலை நடுவிலும்தான். உங்கள் தெருவுக்கும் இப்படி இரண்டு தேதிகள் இருக்கலாம். வரைபடத்தில் தெருவின் கோணத்தையும், சன்கால்க், ஃபோட்டோபில்ஸ் போன்ற செயலிகளில் சூரியன் மறையும் கோணத்தையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இனி மனிதர்கள். பாரிஸின் க்ரெமியூ தெரு வண்ண வீடுகளால் இன்ஸ்டாகிராமில் பரவி, கூட்டம் பொறுக்க முடியாமல் குடியிருப்பவர்கள் 2019ல் மாலையிலும் வார இறுதியிலும் தெருவுக்கு வாயில் வைத்து மூடக் கேட்டார்கள். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைய 2024ல் தடை வந்தது. மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். இரண்டு இடத்திலும் ஒருவர் எடுத்த ஒரு படம் யாருக்கும் தொல்லையாக இருந்திருக்காது. ஒரே வாசற்படியில் நாள் முழுக்க யாராவது உட்கார்ந்துகொண்டே இருந்ததுதான் தொல்லை.

ஆகவே பழைய தெருவுக்குப் போகிறவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. வாசற்படி, திண்ணை, சைக்கிள் எதுவும் பொதுச் சொத்து அல்ல. கேட்காமல் உட்காரக் கூடாது. கதவு திறந்திருந்தால் உள்ளே தெரியும்படி ஃப்ரேம் வைக்கக் கூடாது. வீட்டு எண்ணும் பெயர்ப்பலகையும் விழாதபடி நில்லுங்கள். இரண்டு பேர் போனால் தெரு கண்டுகொள்ளாது, ஆறு பேர் போனால் ஜன்னல்கள் திறக்கும். கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே வாசலில் நிற்காதீர்கள். உடையை அங்கே மாற்றாதீர்கள். யாராவது வேண்டாம் என்றால் விளக்கம் கேட்காமல் நகர்ந்துவிடுங்கள். ‘பொதுச் சாலைதானே’ என்ற வாதம் சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தோடு நிற்கும் முகம் படத்தில் நன்றாக வராது.

எதிரே ஒதுங்க இடமில்லாததால் இங்கே அகல லென்ஸைத் தொடும் ஆசை வரும். அதில் ஃப்ரேமின் ஓரத்தில் நிற்பவரின் முகமும் கையும் இழுபட்டுப் போகும். ஆளை நடுவில் வையுங்கள், தெருவின் நீளவாக்கில் பின்வாங்குங்கள். குறுக்கே இடம் இல்லாவிட்டாலும் நெடுக்கே நூறு மீட்டர் இருக்கிறது.

## நீர்க்கரை

ஏரி, ஆறு, கால்வாய், துறைமுக ஓரம். காற்று எழுமுன் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். வெயில் தரையைச் சூடாக்கியதும் காற்று கிளம்பிச் சிற்றலை வந்துவிடும். பிரதிபலிப்பு வேண்டுமானால் விடியலை ஒட்டிய ஒரு மணி நேரம்தான், மாலையில் அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்.

திசையை முதலில் சரிபாருங்கள். தண்ணீருக்கு மேல் அஸ்தமனம் வேண்டுமென்றால் கிழக்குக் கரையில் நிற்க வேண்டும், உதயம் என்றால் மேற்குக் கரை. அதோடு எதிர்க்கரையில் என்ன இருக்கிறது? 300 மீட்டர் தள்ளி 30 மீட்டர் உயரக் கட்டடம் ஒன்று இருந்தால் அடிவானத்தின் ஏறத்தாழ 6 டிகிரியை அது விழுங்கிவிடும். மேலே சொன்ன பொன்வெயிலின் 24 நிமிடமும் அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி; நடு மூன்று விரல்கள் 5 டிகிரி. எதிர்க்கரைக் கட்டடங்கள் மூன்று விரலுக்கு மேல் நின்றால் அந்தக் கரை அஸ்தமனத்துக்கு உதவாது. வேறு இடம் பாருங்கள், அல்லது விளக்குகள் ஏறியபின் வாருங்கள்.

கடலை ஒட்டிய நகரம் என்றால் நீரேற்ற அட்டவணையும் தேவை. ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று தண்ணீர் நின்ற இடத்தில் அடுத்த வாரம் அதே மணிக்கு வெறும் சேறு கிடக்கலாம்.

பாசி படிந்த படிக்கட்டுகள் இங்கே உண்மையான ஆபத்து. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரையிலான செய்திகளைத் திரட்டி செல்ஃபி மரணங்களை எண்ணிய ஓர் ஆய்வு 259 பேரைக் கணக்கிட்டது. காரணங்களில் முதலிடம் நீரில் மூழ்குதல். அதற்கடுத்து வாகனங்களும் ரயிலும், உயரத்திலிருந்து விழுதலும். கடைசி இரண்டு படிகளில் இறங்காமலே நல்ல பிரதிபலிப்பு எடுக்கலாம்: கையை மட்டும் தாழ்த்துங்கள், காலைத் தாழ்த்தாதீர்கள்.

## விடியற்கால மொத்தச் சந்தை

பூ, மீன், காய்கறி எதுவானாலும் நிறத்துக்கு இதற்கு ஈடு கிடையாது. குண்டுபல்ப் தொங்கும் கடையும் நீலமாக விடியும் வானமும் ஒரே ஃப்ரேமில் வரும் அந்த அரை மணி நேரத்துக்காக மட்டுமே எழுந்து போகலாம். ஆனால் இது மற்றவர்கள் பிழைப்பு நடத்தும் இடம். தலைச்சுமையோடு வருகிறவருக்கு நீங்கள் நிற்பது தடை. அவரால் சட்டென்று நிற்கவும் முடியாது, விலகவும் முடியாது. தூண் ஓரமாகவோ ஷட்டர் மூடிய கடையின் முன்னாலோ நின்று எடுங்கள். முகம் தெரிய எடுப்பதென்றால் போனைக் காட்டித் தலையசைத்துக் கேளுங்கள், பெரும்பாலோர் சரி என்பார்கள்.

உடை காட்டும் படத்துக்கு இது தவறான தேர்வு. தரை ஈரம், இடம் நெருக்கடி, ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்க முடியாது.

## சுவரோவியம்

அரை மணி நேரம்தான் இருக்கிறது, வானம் மூட்டமாக இருக்கிறது என்றால் போகலாம். சுவரில் சாய்ந்து நிற்காமல் இரண்டு மூன்று மீட்டர் முன்னால் வந்து, ஜூமில் எடுத்தால் ஓவியம் சற்று மங்கி ஆள் பிரிந்து தெரிவார். வரைந்தவரின் பெயர் சுவரின் கீழ்மூலையில் பெரும்பாலும் இருக்கும். அதைப் பதிவில் சேருங்கள். விளம்பரப் பதிவுக்கு மட்டும் எச்சரிக்கை: தெருவில் இருந்தாலும் ஓவியத்துக்குப் பதிப்புரிமை உண்டு. பொதுவெளியில் இருப்பதை வணிகத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கட்டடத்துக்கு உள்ள விலக்கு சுவரோவியத்துக்குப் பொதுவாகக் கிடையாது. ஈஃபல் கோபுரத்தைப் பகலில் எடுத்து வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் அதன் இரவு ஒளியமைப்புக்குத் தனி உரிமை இருக்கிறது.

## சேர்க்காமல் விட்ட இரண்டு

தண்டவாளமும் கைவிடப்பட்ட கட்டடமும் இந்த ஒப்பீட்டில் இல்லை, இனியும் இருக்காது. நேரே வரும் ரயிலின் சத்தம் நாம் நினைப்பதைவிடத் தாமதமாகக் காதுக்கு எட்டும், வேகமாக வரும் ரயில் நிற்க ஒரு கிலோமீட்டருக்கு மேல்கூட ஆகும். பாழடைந்த கட்டடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஓட்டையைவிட, மேலே நன்றாகத் தெரிந்து கீழே உளுத்துப்போன தளம்தான் ஆளை விழுங்கும். உடைந்த பழைய கூரைத் தகடுகளில் கல்நார் இருக்கக்கூடும், அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் போனதுதான்.

## யாருக்கு எது?

கிடைப்பது வேலை முடிந்தபின் ஒரு மாலை மட்டும் என்றால் பார்க்கிங் மேல்தளம், மாற்றாக மேற்குத் திசை திறந்த நீர்க்கரை. மதிய இடைவேளை என்றால் யோசிக்காமல் மேம்பாலத்தடி. புது உடை, முகம், நகை போன்றவற்றுக்கும் அதுவே. விடுமுறைக் காலையும் பொறுமையும் இருந்து, தெருக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசத் தயங்காதவர் என்றால் பழைய தெரு. தயக்கம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது தெருவுக்கும் அவர்களுக்கும் நல்லது. நிற்கும் ஆளே தேவையில்லை, நகரத்தைத்தான் காட்ட வேண்டும் என்பவர் சந்தைக்குப் போகலாம்.

குழந்தைகளோடு போவதானால் மேல்தளத்தையும் நீர்க்கரையையும் முதலிலேயே கழித்துவிடுங்கள். போன் திரையையும் குழந்தையையும் ஒரே நேரத்தில் ஒருவரால் பார்க்க முடியாது.

பதிவின் வடிவமும் தேர்வை மாற்றும். ரீல்ஸுக்கான 9:16 நெடுஃப்ரேமுக்குத் தூண்களும் குறுந்தெருவும் பொருந்தும். கீழ்ப்பகுதியில் எழுத்து வந்து மறைக்கும் என்பதால் காலுக்குக் கீழே தாராளமாக இடம் விடுங்கள். 4:5 படத்துக்கு மேல்தளம் நன்றாக அமையும். நீர்க்கரை இயல்பிலேயே அகலமானது. அதை நெடுக்காக வெட்டும்போது ஆளையும் அவர் பிரதிபலிப்பையும் மேலும் கீழுமாக வைத்தால்தான் ஃப்ரேம் நிறையும்.

## இடத்தைக் கண்டுபிடிப்பதும் டேக் போடுவதும்

பெயர்பெற்ற இடத்தின் முதுகுப்பக்கத்திலிருந்து தேட ஆரம்பியுங்கள். எல்லாரும் ஒரே முகப்பைத்தான் எடுக்கிறார்கள், நூறு மீட்டர் சுற்றிப் போனால் அதே கட்டடத்தின் பக்கச்சுவரும் படிக்கட்டும் காலியாக இருக்கும். செயற்கைக்கோள் வரைபடத்தில் கூரையில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது திறந்த மேல்தளப் பார்க்கிங். வரைபடச் செயலியின் தெருக்காட்சியை (தெருவில் நின்று பார்ப்பதுபோன்ற படங்களை) பார்க்கும்போது அது எந்த ஆண்டில் எடுத்தது என்பதையும் பாருங்கள். இடித்துக் கட்டிய தெருவுக்குப் போய் நிற்பது பரிதாபம். முடிந்தால் ஒரு நாள் முன்னதாக, எடுக்கப்போகும் அதே மணிக்கு ஒருமுறை போய்வாருங்கள். செயலி காட்டாத மரமும் விளம்பரப் பலகையும் நேரில்தான் தெரியும்.

டேக் போடுவதில் ஆறு வகையையும் ஒரே மாதிரி நடத்த வேண்டாம். பார்க்கிங், யாரும் குடியிருக்காத பாலத்தடி, கரை ஆகியவற்றுக்கு இடத்தின் பெயரைப் போடலாம், கூட்டம் வந்தாலும் யார் வீட்டு வாசலும் அடைபடாது. சந்தைக்கும் போடலாம். சுவரோவியத்துக்கு இடத்தைவிட ஓவியரின் பெயர் முக்கியம். குடியிருக்கும் தெருவுக்கு நகரத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருத்துப்பகுதியில் ‘எங்கே?’ என்று கேட்பவருக்குப் பொதுவில் பதில் எழுதாமல், தெரிந்தவர் என்றால் தனியாகச் சொல்லுங்கள். கோப்பை நேரடியாக அனுப்பும்போது படத்துக்குள்ளேயே இருப்பிட விவரம் ஒட்டிக்கொண்டு போகும், அதனால் கேமரா செயலிக்கு இருப்பிட அனுமதியை முன்பே அணைத்துவிடுங்கள். யாராவது தம் வாசலில் நிற்க இடம் கொடுத்திருந்தால், பதிவேற்றுமுன் அந்தப் படத்தை அவரிடம் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் படம் உங்கள் போனோடு இருக்கட்டும்.